கழுகுமலைக்குப் படமெடுக்கப் போகும் மருமகளுக்கு

மருமகளே,

நீ கேமரா வாங்கிய செய்தியை உன் அம்மா போனில் சொன்னாள். துறைமுகத்தையும் உப்பளத்தையும் எடுத்து அலுத்துவிட்டதாம், பழைய பாறைச் சிற்பங்களை எடுக்கக் கழுகுமலைக்குக் கிளம்புகிறாயாம். நல்ல யோசனைதான். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்கள் நாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது குறைவு. கோவில்பட்டி என்றால் நமக்குக் கடலைமிட்டாய், அதோடு சரி. அங்கிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில், இருபது கிலோமீட்டர் சொச்சத்தில், நம் மாவட்டத்துக்குள்ளேயே ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையான கல் வேலை நிற்கிறது. கருவியைப் பற்றி உனக்கு என்னைவிட அதிகம் தெரியும். நான் எழுதுவது பெரும்பாலும் கருவியைப் பிடிக்கிற ஆளைப் பற்றி.

1. முதல் நாள் கேமரா பையிலேயே இருக்கட்டும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், எடுத்த எடுப்பில் யாரும் கடலில் குதித்ததில்லை. முதலில் அதிகாரிகள் போய்ச் சிப்பி விளையும் கடலடிப் பார்களைச் சோதிப்பார்கள். கொஞ்சம் சிப்பியை எடுத்துத் திறந்து பார்ப்பார்கள். இளசாக இருந்தால் அந்த வருஷம் குளிப்பு கிடையாது. 1961க்குப் பிறகு நம் ஊரில் அந்தப் பெரிய குளிப்பே நின்றுபோயிற்று. அப்போது நான் சின்னப் பையன். ஆனால் கடலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் வேண்டாம் என்று திரும்பி வருகிற அந்தப் பொறுமையைப் பெரியவர்கள் மரியாதையோடு பேசிக் கேட்டிருக்கிறேன். நீயும் ஒரு நாள் அப்படித் திரும்பி வா.

நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போ. வரைந்து பார், கோணலாக வந்தால் வரட்டும். வரைகிற கைதான் கண்ணை நிறுத்தும். அங்குள்ள சமணச் சிற்பங்களில் அம்பிகை இயக்கியின் பக்கத்தில் சிங்கம் இருப்பதும், குழந்தைகள் நிற்பதும், பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்பின் படம் விரிந்திருப்பதும் வரையும்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியும். மத்தியப் பிரதேசத்தில் பீம்பேட்கா பாறை ஓவியங்களை 1957இல் கண்டு உலகுக்குச் சொன்ன வாகண்கர் அடிப்படையில் ஓவியர். ரயிலில் போகும்போது தொலைவில் தெரிந்த பாறைகளின் அமைப்பு அவரை இழுத்தது, இறங்கிப் போனார். பார்த்த ஓவியங்களைக் கையால் படியெடுத்தார். 2003இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

2. சூரியனைக் கேட்டு நாள் குறி.

கற்சிற்பத்தை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் அது தட்டையாகப் படுத்துவிடும். வெளிச்சம் பக்கத்திலிருந்து கல்லை உரசிக்கொண்டு வரும்போதுதான் மூக்கும் உதடும் விரலும் எழுந்து வரும். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், நம் ஊருக்கென்று இருக்கிற கணக்கு.

கழுகுமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்று மேல் இருக்கிறது. ஆகவே சித்திரை பிறக்கிற நாளை ஒட்டி அங்கே உச்சிவெயில் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். அதன்பின் சூரியன் வடக்கே சாய்ந்துவிடும், ஆவணி நடுவில்தான் திரும்பி உச்சிக்கு வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு, அந்த மலையிலுள்ள ஒற்றைக்கல் கோயிலான வெட்டுவான் கோயிலின் விமானத்துத் தென்புறத்துக்குப் போ. அங்கே தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மற்ற ஊர்களில் மௌனமாக உபதேசிக்கிற சாமி இங்கே தாளம் போடுகிறார். ஆனி மாதத்தில் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் அவர் மேல் நேர் வெயில் விழாது. சூரியன் காலை முதல் மாலை வரை வடக்குப் பக்கமாகவே நடந்து போய்விடும். மார்கழியிலும் தையிலும் போனால் சூரியன் தென்கிழக்கில் எழுந்து, காலையிலேயே அந்தத் தென்முகத்தைச் சாய்வாகத் தடவிக்கொண்டு வரும். மிருதங்கத்தின் வளைவும் விரல்களும் அப்போது தனித்தனியாக நிற்கும். வடபுறத்துச் சிற்பங்களுக்கு வைகாசியும் ஆனியும் நல்ல மாதங்கள்.

ஒரே இடத்துக்கு இரண்டு பருவம் போக வேண்டும் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். மதியம் பஸ்ஸில் வந்து இறங்கி, பன்னிரண்டரை மணி வெயிலில் எடுத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் நிழல் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். சிற்பி நினைத்துச் செதுக்கிய நிழல் ஒன்று, அவர்கள் போடுகிற நிழல் வேறொன்று. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். திசைகாட்டியும் பஞ்சாங்கமும் உன் பையில் கூடுதல் லென்ஸுக்கு முன்னால் ஏறட்டும்.

வெட்டுவான் கோயிலைப் பற்றி இன்னொன்று. மலையை மூன்று பக்கமும் குடைந்து, நடுவில் விட்ட பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய கோயில் அது. ஏறத்தாழ 25 அடி ஆழம். சுற்றிலும் பாறைச்சுவர் நிற்பதால் அடிப்பகுதிக்கு வெயில் தாமதமாக இறங்கி, சீக்கிரம் ஏறிவிடும். ஆனால் பள்ளத்தின் விளிம்பில் நின்றால் விமானத்துச் சிற்பங்கள் கிட்டத்தட்டக் கண் மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. மற்ற கோயில்களில் கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டிய பூதகணங்களை இங்கே நேருக்கு நேர் பார்க்கலாம். விளிம்பில் மட்டும் கவனமாக நில். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு பின்னால் நகராதே.

3. உப்பளத்தில் படித்ததை மறக்காதே.

நான் வேலை பழகிய ஸ்டூடியோ அண்ணாச்சி, புதிதாக வந்த பையன்களை முதலில் உப்பளத்துக்குத்தான் அனுப்புவார். குவித்த உப்பை எடுத்து வா என்பார். பையன்கள் கொண்டுவரும் பிரிண்டில் உப்பு சாம்பல் நிறத்தில் அழுக்காக இருக்கும். கேமராவின் மீட்டருக்கு வெள்ளையும் தெரியாது கருப்பும் தெரியாது, எல்லாவற்றையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். உப்புக்கு எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும்.

கருங்கல்லுக்குக் குறைக்க வேண்டும். மழையில் நனைந்து கறுத்த பாறையை மீட்டர் சொன்னபடி எடுத்தால் வெளுத்துப்போய், புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவராகத் தெரியும். ஒரு படி, ஒன்றரைப் படி குறைத்து எடுத்துப் பார். கல்லின் எடை படத்துக்குள் வர வேண்டும். கையால் தூக்க முடியாத ஒன்று என்று பார்க்கிறவருக்குத் தோன்ற வேண்டும்.

4. பெயரை வெட்டிவிடாதே.

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

கழுகுமலைச் சமணச் சிற்பங்களை எடுத்த படங்களை எங்கு வேண்டுமானாலும் பார். தீர்த்தங்கரர் இருப்பார், முக்குடை இருக்கும், மாடத்தின் வளைவு இருக்கும். கீழே ஓரம் வெட்டப்பட்டிருக்கும். வெட்டப்பட்ட அந்த இடத்தில்தான் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. சிற்பத்தின் அழகைக் கெடுக்கும் கீறலாக நினைத்து ஃபிரேமை மேலே தூக்கிவிடுகிறார்கள்.

அந்தக் கீறலில் என்ன இருக்கிறது தெரியுமா? இந்த உருவத்தை யார் செய்வித்தார், எந்த ஊர்க்காரர், யாருடைய மாணவர், யார் நினைவாக என்பதெல்லாம் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தையொட்டி, எட்டாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும், பாறை முழுக்க வரிசை வரிசையாக இந்த உருவங்கள் எழுந்தன. எல்லாவற்றையும் ராஜா செய்து வைக்கவில்லை. தச்சர் செய்வித்தது இருக்கிறது, குயவர் செய்வித்தது இருக்கிறது. கோட்டாற்றிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், இப்போது சிதறால் என்கிறோமே அந்தத் திருச்சாரணத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். குரத்தியர் என்று பெண் ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள், மருமகளே. அவர்களுக்கு ஆண் மாணாக்கர்களும் இருந்திருக்கிறார்கள். அது எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுச் செய்தி. அந்த வரி இல்லாமல் நீ எடுக்கும் படத்தில் அமர்ந்த நிலையில் ஒரு தீர்த்தங்கரர் இருப்பார். அந்த வரியோடு எடுத்தால், கையில் இருந்த காசைக் கொடுத்து அவரை அங்கே உட்கார வைத்த மனிதரும் கூட இருப்பார்.

லின்னேயஸ் டிரைப் என்றொரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தார். 1858இல் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் போனார். மெழுகு தடவிய காகிதமே நெகட்டிவாக இருந்த காலம், ஒரு படம் எடுப்பதே பெரும்பாடு. அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்த எழுத்தைப் படிக்க அவருக்குத் தெரிந்திருக்காது. இருந்தும் அது முக்கியம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த நாம் ஓரத்தை வெட்டுகிறோம்.

ஆகவே ஒவ்வொரு சிற்பத்துக்கும் முதலில் கல்வெட்டோடு முழுமையாக ஒரு படம், பிறகு கல்வெட்டு மட்டும் நெருக்கமாக ஒரு படம். அதன்பின் உன் கற்பனைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எடு. வட்டெழுத்து உனக்குப் படிக்க வராது, எனக்கும் திக்கித் திணறித்தான் வரும். அந்தக் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. நூலகத்தில் உட்கார்ந்து உன் படத்தையும் அச்சையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார். ஒரு பெயரை நீயே படித்துவிட்டால் அதன்பின் ஃபிரேமை மேலே தூக்க உனக்குக் கை வராது.

5. கல்லின் மேல் எதையும் போடாதே.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸால் அதன் மேல் எழுதுகிறார்கள். ஓவியம் பளிச்சென்று வர வேண்டும் என்று தண்ணீர் ஊற்றுகிறார்கள். எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. சாக்பீஸால் எழுதும்போது கல்லில் இருக்கும் எழுத்தை எழுதுவதில்லை, தங்களுக்குத் தெரிந்த எழுத்தை எழுதுகிறார்கள். பின்னால் வருகிற ஆய்வாளர் அந்த வெள்ளைக் கோட்டைத்தான் பார்ப்பார், கல்லில் இருப்பதைப் பார்க்க மாட்டார். தண்ணீர் ஊற்றினால் ஓவியம் சில நிமிடம் பளபளக்கும். காயும்போது உள்ளேயிருக்கும் உப்பு மேலே வந்து படலமாகப் படியும், நிறம் அடியில் மங்கும். உப்பு என்ன செய்யும் என்று தூத்துக்குடிக்காரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் வீட்டுச் சுவரைப் பார்த்தால் போதும்.

கையால் தொடுவதும் அப்படித்தான். ஒருத்தர் தொட்டால் ஒன்றும் ஆகாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒருவர் பின் ஒருவராகத் தொட்டுப் போவதைப் பார்த்தால் புரியும், எந்த மூக்கு ஏன் வழவழவென்று இருக்கிறதென்று. கல்வெட்டுத் துறைக்காரர்கள் ஈரக்காகிதம் ஒற்றி மைப்படி எடுப்பார்கள். அது பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு செய்வது. பார்த்துவிட்டு நீயும் முயன்று பார்க்காதே.

6. வெளிச்சத்தை நீயே கொண்டுபோகலாம்.

எல்லாவற்றுக்கும் சூரியனையே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேர் விரித்துப் பிடித்தால் நிழல் பக்கத்து முகம் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கல்வெட்டின் மேல் பக்கவாட்டில் அடித்தால் மங்கிய எழுத்து எழுந்து நிற்கும். கல்வெட்டு படிக்கிற ஓர் ஐயா எனக்குக் காட்டிக்கொடுத்த வித்தை இது. கண்ணாடியை மெதுவாக அசைப்பார், ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எழுத்து வரும், இன்னொன்று போகும். ஒரே ஒரு வெளிச்சத்தில் எல்லா எழுத்தும் தெரிந்துவிடாது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

அந்த வித்தையைத்தான் இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது. 2001இல் எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் என்பவரும் கூட்டாளிகளும் இதற்கு வழி கண்டார்கள். கேமராவை அசையாமல் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் இடம் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுக்க வேண்டும். ஓரத்தில் பளபளப்பான கறுப்புப் பந்து ஒன்றை வைத்தால் அதில் விழும் ஒளிப்புள்ளியைக் கொண்டு விளக்கு எங்கே இருந்தது என்று மென்பொருள் கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு திரையில் எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் வெளிச்சத்தை அடித்துப் பார்க்கலாம். தேய்ந்த வட்டெழுத்துக்கு இது அருமையான முறை. கற்றுக்கொள்.

ஆனால் ட்ரைபாட், டிரோன், இரவு விளக்கு எதுவானாலும் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேள். வெட்டுவான் கோயில் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போவது புத்திசாலித்தனமாகத் தெரியும். மாட்டிக்கொண்டால் உனக்குப் போகிறது ஒரு படம், அவருக்குப் போகிறது வேலை.

7. முடியாமல் விட்ட பகுதியையும் எடு.

வெட்டுவான் கோயிலின் மேல்பகுதி நகை வேலைப்பாடு, அடிப்பகுதி வெறும் பாறை. எல்லோரும் மேல்பகுதியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அடிப்பகுதிதான் பிடிக்கும். உளி விழுந்த தடம் அங்கேதான் இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து அடித்தான், எவ்வளவு ஆழம் ஒரு தரம் எடுத்தான், எங்கே அடுத்தவனுக்கு இடம் விட்டான் என்பதெல்லாம் அந்தத் தடத்தில் தெரியும். முடிந்த சிற்பத்தில் சிற்பி தன்னை அழித்துக்கொண்டுவிடுகிறான். முடியாத கல்லில் அவன் கை இன்னும் இருக்கிறது. ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு அந்த உளித்தடங்களை மட்டும் ஒரு தொடராக எடு. யாரும் எடுக்காதது, உன் பெயர் சொல்லும்.

சின்னதைப் பார்க்கவும் பழகு. விமானத்து மூலைகளில் இருக்கும் நந்திகள், பூதகணங்களின் விதவிதமான முகங்கள். சாமிகளைச் செதுக்கும்போது சிற்பிக்குச் சாத்திரம் இருந்தது. பூதகணத்தைச் செதுக்கும்போது அவன் பக்கத்து வேலைக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே செதுக்கியிருப்பான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

8. மலையில் இருக்கிறவர்களிடம் முதலில் பேசு.

சமணப் பாறைக்குப் பக்கத்தில் அய்யனார் இருக்கிறார். கும்பிட வருகிறவர்கள் வருவார்கள். நீ ட்ரைபாடை விரித்து வழியை மறித்தால் நீதான் அந்நியம், அவர்கள் இல்லை. பூசை முடியும்வரை கேமராவைத் தாழ்த்திப் பிடி. கேட்டுவிட்டு எடு. ‘வேண்டாம்’ என்றால் சரி என்று சொல்லிவிட்டு, அதே முகத்தோடு நின்று பேசு.

பாறை ஓவியம் பார்க்கப் போன இன்னொரு மலையில் ஆடு மேய்த்த ஒரு பாட்டி என்னைக் கூட வந்தவர்களோடு சேர்த்து நிறுத்தி, ‘ஏ, மழை பெஞ்ச மறுநா வாங்கல, அப்பந்தான் அந்தப் படம் தெரியும்’ என்று சொன்னாள். பாறையில் தூசி கழுவிப்போய்க் காற்றும் தெளிந்திருக்கிற காலை அது. நாங்கள் வைத்திருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அவள் அந்தப் பாறையடியில் மழைக்கு ஒதுங்கிய வருஷங்கள் எத்தனையோ. இப்படிச் சொல்லித் தருகிறவர்களுக்குப் படம் ஒன்றைப் பிரிண்ட் போட்டு அனுப்பிவிடு. போனில் அனுப்புகிறேன் என்று சொல்லி நகர்ந்துவிடாதே.

9. கதையைக் கதையாக எழுது.

வெட்டுவான் கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தந்தையும் மகனும் போட்டி போட்டுச் செதுக்கினார்கள், பொறாமையில் தந்தை மகனை வெட்டினான், அதனால்தான் வேலை நின்றது என்று. நல்ல கதை, கேட்டால் கண் கலங்கும். படத்துக்குக் கீழே எழுத ஆசையும் வரும். எழுதினால், ‘ஊரில் சொல்லும் கதை’ என்று சேர்த்து எழுது. பாண்டியர் காலத்து, எட்டாம் நூற்றாண்டு ஒற்றைக்கல் கோயில் என்பது ஒரு வகைச் செய்தி, இது வேறு வகை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறினால், கொஞ்ச நாளில் கதை வரலாறாகிவிடும். ‘தென்னகத்தின் எல்லோரா’ என்றும் எழுதாதே. எல்லோராவைப் பார்க்காதவர்களும் எழுதித் தேய்த்த வரி. கழுகுமலைக்கு அதன் பெயரே போதும்.

10. ஓவியம் என்றால் இன்னும் மெதுவாகப் போ.

சிற்பம் கை பழகிய பிறகு பாறை ஓவியங்களுக்குப் போ. தென்காசிப் பக்கம் திருமலாபுரத்தில் பாண்டியர் குடைவரை ஒன்றில் ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில் விதானத்துத் தாமரைக் குளம் இருக்கிறது. அதைவிட மிகப் பழையவை வேண்டுமென்றால் விழுப்புரத்துக் கீழ்வாலை, நீலகிரியின் கரிக்கியூர் என்று போகலாம், செங்காவியிலும் வெள்ளையிலும் மனிதரும் விலங்கும்.

ஓவியத்தில் சாய்ந்த வெளிச்சம் உதவாது, பாறையின் சொரசொரப்புத்தான் தெரியும். மேகம் மூடிய நாளின் பரந்த ஒளி நல்லது. ஃபிளாஷைப் பையிலேயே வை. அருகில் ஒரு நிறஅட்டையும் அளவுகோலும் வைத்து ஒரு படம் கட்டாயம் எடு, செங்காவியின் சிவப்பு எந்தச் சிவப்பு என்று நாளைக்கு உனக்கே சந்தேகம் வரும். கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கியதை வெளியே கொண்டுவர ஜான் ஹார்மன் என்ற அமெரிக்கர் டி-ஸ்ட்ரெட்ச் என்றொரு மென்பொருள் செய்திருக்கிறார். செயற்கைக்கோள் படங்களில் நிற வேறுபாட்டை விரித்துக் காட்டுகிற கணக்கைப் பாறை ஓவியத்துக்குக் கொண்டுவந்தார். வெறும் பாறை என்று நினைத்த இடத்தில் ஆள் உருவம் எழுந்து வரும்போது மயிர்க்கூச்செறியும். அந்த மயக்கத்தில் ஒன்றை மறக்காதே. அது காட்டும் ஊதாவும் மஞ்சளும் ஓவியன் பூசியவை அல்ல, கணக்கு பூசியவை. அசல் படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் வெளியிட வேண்டும். டிரைப் கூடத் தன் நெகட்டிவில் மேகங்களைத் தீட்டிச் சேர்த்திருக்கிறார். ஆசை யாரையும் விடாது, அதனால்தான் அசலைப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன்.

காவல் இல்லாத ஓவியப் பாறையின் சரியான இடத்தை இணையத்தில் போடாதே. உன் படத்தைப் பார்த்து ஆசையோடு நூறு பேர் வருவார்கள். அதில் ஒருவன் கையில் பெயிண்ட் டப்பா இருக்கும். துறையிடம் சொல், ஊர்ப் பஞ்சாயத்தில் சொல். பெயரில்லாமல் ‘ஒரு குன்று’ என்று படம் போட்டால் உன் புகழ் குறைந்துவிடாது.

11. கடற்காற்றை நம்பாதே.

மலைக்குப் போய் வந்த கேமராவை நம் வீட்டு அலமாரியில் பையோடு வைத்துப் பூட்டினால் கொஞ்ச நாளில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை, ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடு. கச்சான் அடிக்கிற மாதங்களில் செம்மண் தூசியும் சேரும், மலையில் நின்று லென்ஸ் மாற்றாதே. இவ்வளவுதான் கருவியைப் பற்றி.

12. நாளைக்குச் சாட்சி சொல்லும்படி வைத்துக்கொள்.

மதுரைப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்தது உனக்குத் தெரியும். அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் பாண்டியர் குடைவரையும் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் பல வருஷம் குரல் கொடுத்தார்கள். 2022இல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் டங்ஸ்டன் சுரங்கப் பேச்சு வந்து, மக்கள் எதிர்த்து நின்று, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எந்தப் பாறைக்கு எப்போது என்ன வரும் என்று சொல்ல முடியாது.

அப்போது உதவுகிற படம் எது? பரிசு வாங்கிய படம் உதவாது. தேதி, நேரம், எந்தத் திசை பார்த்து எடுத்தது, அளவுகோல், இன்ன இடத்தில் இன்ன சேதம் ஏற்கெனவே இருந்தது என்ற குறிப்பு, இத்தனையும் உள்ள படம்தான் உதவும். சேதத்தையும் எடு. கிறுக்கிய பெயர்களையும் உடைந்த மூக்கையும் அழகுக்காக ஒதுக்காதே. அடுத்த முறை போகும்போது அதே இடத்தில் நின்று அதே படத்தை மறுபடி எடு, மாறியது தெரியும். அசல் கோப்புகளை இரண்டு இடத்தில் வை. ஒரு பிரதியைத் தொல்லியல் துறைக்குக் கொடு, ஒன்றை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடு. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிற கட்டில் கல்வெட்டுப் படங்களையும், ஐந்தாம் தொகுதியிலிருந்து அவற்றின் வாசகத்தையும் எழுதிச் சேர். ஊர்ப்பெயர்களைச் சிவப்பு மையில் எழுது. பிள்ளைகள் முதலில் தங்கள் ஊர் இருக்கிறதா என்றுதான் தேடுவார்கள்.

அன்புடன்,
மாமா